தேவிகா ராணி: பாம்பே டாக்கீஸை நடத்திய பெண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இந்திப் படங்களைப் பற்றி நான் எங்கே பேச்செடுத்தாலும், தேவிகா ராணியின் பெயர் வந்தவுடன் இரண்டு செய்திகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒன்று முத்தக் காட்சி, மற்றொன்று காதல் விவகாரம். 1940 முதல் 1945 வரை இந்தியாவின் பெரிய திரைப்பட நிறுவனங்களுள் ஒன்றுக்கு அவர் தலைமை வகித்தார் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பல நேரம் வராமலே போய்விடும். என்னைப் பொறுத்தவரை அந்த ஐந்து ஆண்டுகள்தான் அவருடைய தொழில் வாழ்க்கையின் நடுநாயகம். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

தேவிகா ராணி யார்? பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

1930-களில் இந்திப் படவுலகின் முன்னணி நடிகை. கணவர் ஹிமான்ஷு ராயுடன் சேர்ந்து 1934-ல் பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1940-ல் கணவர் இறந்தபின் அந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று, 1945 வரை நடத்தினார். பிறகு ரஷ்ய ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கை மணந்துகொண்டு சினிமாத் தொழிலிலிருந்து விலகினார். தாதாசாகேப் பால்கே விருது ஏற்படுத்தப்பட்டபோது முதன்முதலில் அதைப் பெற்றவர் அவர்தான்.

அவர் வங்காளியா, ஆந்திராக்காரரா? சென்னைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

குடும்பம் வங்காளக் குடும்பம். பிறந்தது 1908 மார்ச் 30 அன்று, வால்டேரில், இன்றைய விசாகப்பட்டினம். அன்று அது சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தை கர்னல் மன்மதநாத் சௌத்ரி மருத்துவர். சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாகப் பதவி வகித்த முதல் இந்தியர். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நாற்காலியில் தந்தை அமர்ந்த வீட்டில் வளர்ந்த பெண் அவர். சென்னைத் தொடர்பு என்று சொல்வதெல்லாம் இதைத்தான். தமிழ்ப் படம் எதிலும் அவர் நடித்ததில்லை.

சௌத்ரி குடும்பமும் தாகூர் குடும்பமும் உறவினர்கள். வங்க எழுத்தாளர் பிரமத சௌத்ரி தேவிகாவின் தந்தைக்குச் சகோதரர். நாடகத்திலும் சினிமாவிலும் நடிக்கும் பெண்களை மதிக்காத காலத்தில், இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் திரைக்கு வந்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

சினிமாவுக்கு முன்னால் என்ன படித்தார்? நடிப்புப் பயிற்சி மட்டும்தானா?

நடிப்பு அதில் ஒரு பகுதிதான். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். லண்டனில் நாடகக் கலை, இசை இரண்டையும் அதற்கான ராயல் அகாடமிகளில் படித்தார். பிறகு துணி வடிவமைப்பு, அலங்காரம் ஆகியவற்றைக் கற்று, துணி வடிவமைப்பாளராகச் சம்பாதிக்கவும் தொடங்கிவிட்டார். 1928-ல் ஹிமான்ஷு ராயைச் சந்தித்தபோது, அவர் தேவிகாவை அழைத்தது நடிக்க அல்ல. ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ என்ற மௌனப் படத்தின் உடை, அரங்க வேலைகளுக்காக அழைத்தார். 1929-ல் இருவருக்கும் திருமணம்.

அதன்பின் இருவரும் ஜெர்மனிக்குப் போனார்கள். பெர்லினில் இருந்த ஊஃபா அன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய ஸ்டூடியோ. ஒளியமைப்பு, ஒப்பனை, அரங்கம், தயாரிப்பு என்று துறை துறையாகப் பிரித்து வேலை நடக்கும் இடம். இளம்பெண்ணாக அங்கே பார்த்துப் பழகியது பின்னாளில் பம்பாயின் மலாடில் பாம்பே டாக்கீஸை நடத்தக் கைகொடுத்தது. நடிகைக்கு நிர்வாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிப்பதில்லை.

பாம்பே டாக்கீஸ் உண்மையிலேயே அவ்வளவு பெரிய நிறுவனமா?

ஆம். அதன் பெருமை அது கட்டமைக்கப்பட்ட விதத்தில் இருந்தது. அன்றைய படக் கம்பெனிகள் பலவும் ஒரு முதலாளி, அவருடைய கடன்காரர்கள், அவர் நம்பும் நாலு பேர் என்ற அளவில் நடந்தன. பாம்பே டாக்கீஸ் கூட்டுப் பங்கு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 25 லட்சம் ரூபாய். எஃப்.இ. தின்ஷா, சர் சிமன்லால் சேதல்வாட் போன்ற பம்பாயின் பெரும் புள்ளிகள் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். படத்துக்குப் போட்ட பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மலாடில் படப்பிடிப்புத் தளம், ஃபிலிம் கழுவும் லேபரட்டரி, போட்டுப் பார்க்கும் திரையரங்கு எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. இயக்குநர் ஃபிரான்ஸ் ஓஸ்டன், ஒளிப்பதிவாளர் யோசெஃப் விர்ஷிங் முதலிய ஜெர்மன் கலைஞர்கள் தலைமையில் இந்திய இளைஞர்கள் தொழில் கற்றார்கள். கதை எழுதியவர் நிரஞ்சன் பால். 1907-ல் சென்னைக் கடற்கரையில் முழங்கிய பிபின் சந்திர பாலின் மகன். இசையமைத்தவர் சரஸ்வதி தேவி என்ற பார்சிப் பெண். பார்சிப் பெண்கள் சினிமாவில் இறங்குவதா என்று அவருடைய சமூகத்தார் சிலர் 1935-ல் போராட்டமே நடத்தினார்கள். நிறுவனம் அவரைக் கைவிடவில்லை.

நடிகர் முதல் தொழிலாளி வரை எல்லாருக்கும் மாதச் சம்பளம். பட்டதாரிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். கேண்டீனில் எந்தச் சாதிக்காரரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். 1930-களில் ஒரு தொழிற்கூடத்தில் இதை விதியாக வைத்திருந்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

‘கர்மா’ படத்தில் நான்கு நிமிட முத்தம், இந்தியாவின் முதல் முத்தம் என்பது உண்மையா?

இரண்டும் உண்மை அல்ல. ‘கர்மா’ 1933-ல் லண்டனில் திரையிடப்பட்ட படம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எடுக்கப்பட்டது. பாம்பு தீண்டி மயங்கிக் கிடக்கும் இளவரசனை நாயகி முத்தமிட்டு எழுப்பப் பார்க்கிறாள். விட்டுவிட்டு வரும் சில முத்தங்கள் அவை. நான்கு நிமிடத்துக்கு அருகில்கூட வராது. ‘முதல் முத்தம்’ என்பதும் நிற்காது. நாலு ஆண்டுகளுக்கு முன்பே, மேலே சொன்ன ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ படத்தில் சீதா தேவியும் சாரு ராயும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி இருக்கிறது.

‘கர்மா’வில் நடித்த இருவரும் நிஜ வாழ்க்கையில் கணவன் மனைவி. லண்டன் பத்திரிகைகள் தேவிகாவின் ஆங்கில உச்சரிப்பையும் அழகையும் கொண்டாடின. இத்தனை இருந்தும் அந்த ஒரு காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டு அவருடைய ஆயுள் முழுவதையும் அளப்பது எனக்கு உடன்பாடில்லை.

அவர் ஒரு நடிகரோடு போய்விட்டார் என்றும், அதனால்தான் அசோக் குமார் நடிகரானார் என்றும் சொல்கிறார்களே?

நடந்தது உண்மைதான். 1936-ல் வெளிவந்த ‘ஜீவன் நையா’ தயாரிப்பில் இருந்தபோது, உடன் நடித்த நஜ்முல் ஹசனுடன் தேவிகா ராணி பம்பாயை விட்டுப் போனார். ஒலிப்பதிவுத் துறையில் இருந்த சஷாதர் முகர்ஜி பேசித் திரும்ப அழைத்து வந்தார். நஜ்முல் ஹசன் நீக்கப்பட்டார். லேபரட்டரியில் வேலை பார்த்த, சஷாதரின் மைத்துனர் குமுத்லால் கங்குலி நாயகனாக நிறுத்தப்பட்டார். அவர்தான் அசோக் குமார்.

இந்தக் கதையின் சுவையான விவரங்கள் பெரும்பாலும் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மன்டோ அசோக் குமாரைப் பற்றி எழுதிய கட்டுரை வழியாகப் பரவியவை. மன்டோ அந்தச் சம்பவத்தின்போது பாம்பே டாக்கீஸில் இல்லை. பிற்பாடு அவர் வேலை செய்த ஃபில்மிஸ்தான், பாம்பே டாக்கீஸிலிருந்து பிரிந்துபோனவர்கள் தொடங்கிய போட்டி நிறுவனம். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் விவரங்களைப் படிக்க வேண்டும். திரும்பி வந்தபின் தேவிகா என்ன செய்தார் என்பது எனக்கு முக்கியம். ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அதே தளத்துக்குள் தினமும் நடந்து போய், அதே ஆண்டில் ‘அச்சுத் கன்யா’வை நடித்து முடித்தார்.

‘அச்சுத் கன்யா’வில் அவர் தலித் பெண்ணாக நடித்ததை இன்று எப்படிப் பார்ப்பது?

ரயில்வே கேட் காவலரின் மகள் கஸ்தூரி, பிராமண இளைஞன் பிரதாப், அவர்கள் சேர முடியாமல் போகும் கதை. கடைசியில் கஸ்தூரி ரயிலின் முன்னால் உயிரை விடுகிறாள். திருத்திய புருவமும் பளபளக்கும் முகமுமாக கஸ்தூரி கிராமத்துப் பெண்ணாகத் தோன்றவில்லை என்ற விமர்சனம் சரியானது. உயர்குடியினர் எழுதி, உயர்குடிப் பெண் நடித்து, தியாகத்தில் முடியும் கதை என்ற குற்றச்சாட்டையும் நான் மறுக்க மாட்டேன். சாவு ஏன் எப்போதும் அந்தப் பெண்ணுக்கே எழுதப்படுகிறது என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லை.

ஆனாலும் 1936-ல் தீண்டாமையை ஒரு வணிகப் படத்தின் நடுவில் வைத்ததும், அது ஓடியதும் சிறிய செய்தி அல்ல. நேருவும் சரோஜினி நாயுடுவும் படத்தைப் பார்த்தார்கள். கேண்டீன் விதியைப் பற்றி மேலே சொன்னேன். திரையில் பேசியதைத் தங்கள் வளாகத்திலும் ஓரளவு செய்து பார்த்தவர்கள் அவர்கள்.

கணவர் இறந்ததால் மனைவிக்குத் தானாக வந்த நாற்காலிதானே அது?

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். ஹிமான்ஷு ராயின் மனைவி என்பது கதவைத் திறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் 1940 மே மாதம் அவர் இறந்தபோது அந்த நிறுவனம் இருந்த நிலையைப் பாருங்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டவுடன் பிரிட்டிஷ் அரசு ஜெர்மன் கலைஞர்களைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டது. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். அந்தச் சுமையில் உடைந்துபோன ஹிமான்ஷு ராய் அடுத்த கோடைக்குள் இறந்தார். அப்போது தேவிகாவுக்கு வயது 32.

சஷாதர் முகர்ஜி திறமையும் ஆதரவாளர்களும் உள்ளவர்; நிறுவனத்தை அவர் கையில் ஒப்படைத்திருக்கலாம் என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். குடும்பத்துக் கம்பெனியாக இருந்திருந்தால் வாரிசு என்ற பேச்சு எடுபடும். இது கூட்டுப் பங்கு நிறுவனம். இயக்குநர் குழுவை நம்பவைத்தால்தான் தயாரிப்புப் பொறுப்பு கிடைக்கும், ஆண்டுதோறும் வரவு செலவைக் காட்டினால்தான் அது நீடிக்கும். தானாக வந்தது விதவை என்ற நிலை. நாற்காலியைத் தக்கவைத்தது அவருடைய உழைப்பு.

தலைவர் என்றால் அன்றாடம் என்ன வேலை செய்தார்? கையெழுத்து மட்டும்தானா?

எந்தக் கதையை எடுப்பது, யார் இயக்குவது, யாரை மாதச் சம்பளத்தில் சேர்ப்பது, இவைதான் ஒரு ஸ்டூடியோ தலைவரின் வேலை. தயாரிப்பு இரண்டு அணிகளாக மாறி மாறி நடந்தது. ஒன்று சஷாதர் முகர்ஜியின் அணி; ‘பந்தன்’, ‘ஜூலா’, ‘கிஸ்மத்’ அதிலிருந்து வந்தவை. மற்றொன்று தேவிகா ராணி ஆதரவளித்த அமியா சக்ரவர்த்தியின் அணி. ‘அஞ்சான்’, ‘வசந்த்’ அதன் படங்கள். 1942-ல் வெளிவந்த ‘வசந்த்’ பெரிய வெற்றி பெற்றது. அதில் குழந்தை நட்சத்திரமாக வந்த பேபி மும்தாஜ்தான் பின்னாளில் மதுபாலா.

போர்க்காலக் கெடுபிடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சா ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; வரத்து சுருங்கியது. 1942-ல் படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது, அதாவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அடுத்த ஆண்டு உரிமம் இருந்தால்தான் ஃபிலிம் என்ற நிலை வந்தது. ஒவ்வொரு சுருளுக்கும் கணக்குப் பார்த்துத்தான் படம் தொடங்க முடியும்.

அவரே நடிப்பதைக் குறைத்துக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். 1935 முதல் 1939 வரை பத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், தலைமைக்கு வந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டே படங்களில்தான் நடித்தார்: 1941-ல் ‘அஞ்சான்’, 1943-ல் ‘ஹமாரி பாத்’. சொந்தக் கம்பெனி கையில் இருந்தும், எல்லாப் படத்திலும் தானே நாயகி என்று அவர் நிற்கவில்லை. லீலா சிட்னிஸ், ரேணுகா தேவி, மும்தாஜ் சாந்தி ஆகியோர் நாயகிகளாக வந்தார்கள்.

திலீப் குமாரை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதையா?

இல்லை. திலீப் குமாரே தம் சுயசரிதையில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். யூசுஃப் கான் என்ற அந்த இளைஞர் பழ வியாபாரியின் மகன். பூனாவில் ராணுவ கேண்டீனில் சாண்ட்விச் விற்றுவிட்டு பம்பாய்க்குத் திரும்பி, வேலை தேடிக்கொண்டிருந்தார். சர்ச்கேட் ரயில் நிலையத்தில் தெரிந்தவரான டாக்டர் மசானியைப் பார்க்கிறார். பாம்பே டாக்கீஸுக்குப் போகிறேன், நீயும் வா என்கிறார் அவர். சினிமாவே அதிகம் பார்த்திராத இளைஞர் மலாடுக்குப் போகிறார்.

தேவிகா ராணி கேட்ட கேள்விகளில் ஒன்று, உருது நன்றாகத் தெரியுமா என்பது. வசனம் தெளிவாக வர வேண்டும் என்ற கவலை ஸ்டூடியோ தலைவருக்கு இருக்காதா! நடிகராகச் சேர விருப்பமா என்று கேட்டு, மாதம் 1,250 ரூபாய் தருவதாகச் சொன்னார். நடிப்பில் எனக்கு அனுபவமே இல்லையே என்று யூசுஃப் தயங்கியபோது, பழத் தொழிலைக் கற்பதுபோல இதையும் கற்றுக்கொள்ளலாம் என்று தைரியம் சொன்னார். வீட்டுக்குப் போன யூசுஃபுக்கு அந்தத் தொகை மாதத்துக்கா ஆண்டுக்கா என்ற ஐயமே வந்துவிட்டது. அதே ஸ்டூடியோவில் இருந்த ராஜ் கபூருக்கு அன்று 170 ரூபாய்தான்.

சேர்த்த கையோடு கேமரா முன்னால் நிறுத்திவிடவும் இல்லை. தளத்துக்கு வந்து அசோக் குமார் நடிப்பதைப் பார்க்கச் சொன்னார். ஒத்திகை பார்க்காமல் நடிக்கக் கூடாது என்பது அங்கே பாடம். திலீப் குமார் என்ற பெயரைத் தமக்குத் தந்தவர் தேவிகா ராணி என்றே அவர் எழுதியிருக்கிறார். நிறுவனத்தில் இருந்த எழுத்தாளர்கள் பெயர் யோசனை சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. யார் சொல்லியிருந்தாலும் முடிவெடுத்தவர் அவர். முதல் படமான ‘ஜுவார் பாட்டா’ 1944-ல் வந்தது. படம் ஓடவில்லை, பத்திரிகையாளர் பாபுராவ் படேல் புதுமுக நடிகரைக் கிழித்துவிட்டார். ஆனாலும் அடுத்த ஆண்டு ‘பிரதிமா’வில் மீண்டும் அவருக்கே வாய்ப்பு கிடைத்தது.

‘கிஸ்மத்’ வெற்றி சஷாதர் முகர்ஜியுடையதா, தேவிகா ராணியுடையதா?

படத்தை உருவாக்கியவர்கள் சஷாதர் முகர்ஜியும் இயக்குநர் ஞான் முகர்ஜியும்தான். அந்தப் பெருமையைப் பிடுங்கி தேவிகா ராணிக்குக் கொடுக்க நான் தயாரில்லை. 1943-ல் வெளியான ‘கிஸ்மத்’ கல்கத்தா ராக்ஸி திரையரங்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. கவிஞர் பிரதீப் எழுதிய, அந்நியரை இந்தியாவை விட்டு விலகிப் போகச் சொல்லும் பாடல் அதில் இருக்கிறது. ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் சொல்வதுபோல் ஒரு வரி இருந்ததால் தணிக்கையைத் தாண்டியது; மக்களுக்கு அது யாரைச் சொல்கிறது என்று விளங்காமல் இல்லை.

இப்படியொரு படத்தை எடுக்கக்கூடிய அணி அந்த வளாகத்தில் வேலை செய்தது என்பது தலைவரின் கணக்கில் சேரும். அந்த அணி அடுத்து நிலைக்காமல் போனதும் அவருடைய கணக்கில்தான் சேரும்.

அப்படியானால் நிறுவனம் உடைந்ததற்கு அவர்தான் காரணமா?

பெரும் பங்கு அவருடையது, முழுப் பங்கு அல்ல. இரண்டு அணிகள் மாறி மாறிப் படம் எடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னேன். அது போட்டியை வளர்த்து, பிறகு பகையாக முற்றியது. 1943-ல் சஷாதர் முகர்ஜி, அசோக் குமார், ஞான் முகர்ஜி, ராய் பகதூர் சூனிலால் ஆகியோர் வெளியேறி, பக்கத்துக் கோரேகாவில் ஃபில்மிஸ்தானைத் தொடங்கினார்கள். நாயகன், தயாரிப்பாளர், இயக்குநர், நிர்வாகி எல்லாரும் ஒன்றாகப் போய்விட்டார்கள்.

அவர்களை அணைத்துப் போக தேவிகா ராணியால் முடியவில்லை. அதிகாரத்தைப் பகிர்வதில் அவர் இறுக்கமாக இருந்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பும், ஒரு பெண்ணின் கீழ் வேலை செய்வதில் இன்பம் கண்டவர்கள் அல்லர். அசோக் குமார் போனபின் உண்டான காலியிடத்தை யூசுஃப் கானைக் கொண்டு நிரப்பப் பார்த்தார் என்று வைத்துப் பார்த்தால், திலீப் குமார் பற்றிய விடையில் சொன்ன 1,250 ரூபாயின் கணக்கு நன்றாக விளங்கும்.

1945-ல் ஏன் விட்டுவிட்டுப் போனார்? தோற்றுப்போய்விட்டாரா?

தொழில் ரீதியாக அவர் களைத்திருந்தார். பெரிய அணி போய்விட்டது, புதிய படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை, நிர்வாகத்துக்குள் இழுபறி ஓயவில்லை. அந்த நேரத்தில்தான் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கைச் சந்தித்தார். இமயத்தை வரைந்து புகழ்பெற்ற நிக்கோலஸ் ரோரிக்கின் மகன் அவர். பங்குகளை விற்றுவிட்டு 1945-ல் அவரை மணந்துகொண்டு, முதலில் குலு பள்ளத்தாக்குக்கும் பிறகு பெங்களூருக்கும் போனார்.

இதை முழுத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். ஏறக்குறைய பதினேழு ஆண்டுக் காலம் ஒரே தொழிலில் ஊறியவர், 37 வயதில் தானே முடிவெடுத்து வெளியேறினார். மீண்டும் நடிக்க அவர் வரவே இல்லை.

அவர் போனபின் பாம்பே டாக்கீஸ் என்ன ஆனது?

1947-ல் அசோக் குமாரும் ஒலிப்பதிவாளர் சாவக் வாச்சாவும் திரும்பி வந்து பொறுப்பேற்றார்கள். தேவ் ஆனந்தை உயர்த்திய ‘ஜித்தி’, மதுபாலா நடித்த ‘மஹல்’ இரண்டும் அந்தக் காலத்தவை. ‘மஹல்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், காவலிலிருந்து விடுபட்டபின் இந்தியாவிலேயே தங்கிவிட்ட யோசெஃப் விர்ஷிங். 1950-களின் நடுவில் நிறுவனம் மூடப்பட்டது. சுயேச்சைத் தயாரிப்பாளர்கள் படத்துக்குப் படம் பணம் கொட்டி நட்சத்திரங்களை அமர்த்திய காலத்தில், மாதச் சம்பள ஸ்டூடியோக்கள் எதுவுமே தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதை ஒரு பெண்ணின் நிர்வாகக் குறையாகச் சொல்வது நியாயமல்ல.

இந்தியாவின் முதல் பெண் ஸ்டூடியோ தலைவர் என்று அவரைச் சொல்லலாமா? டி.பி. ராஜலட்சுமி இல்லையா?

சொந்தப் படக் கம்பெனி நடத்திய முதல் பெண் என்றால் தேவிகா ராணி அல்லர். 1926-லேயே பம்பாயில் பாத்மா பேகம் சொந்தக் கம்பெனி வைத்துப் படம் இயக்கினார். நம் டி.பி. ராஜலட்சுமி 1936-ல் ‘மிஸ் கமலா’வைத் தாமே எழுதித் தயாரித்து இயக்கினார், அதற்கு உரிய மரியாதையை நாமே இன்னும் முழுமையாகத் தரவில்லை என்பது என் வருத்தம். பிற்காலத்தில் பானுமதி கணவர் ராமகிருஷ்ணாவுடன் சேர்ந்து பரணி ஸ்டூடியோவை நடத்தினார்.

தேவிகா ராணியின் இடம் வேறு. இயக்குநர் குழுவும் பங்குதாரர்களும் நூற்றுக்கணக்கான ஊழியர்களும் உள்ள பெரிய ஸ்டூடியோவுக்கு, தனக்குச் சொந்தமான கம்பெனி என்ற பாதுகாப்பு இல்லாமல் அவர் தலைமை வகித்தார். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் தயாரிப்புத் தலைவர் பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தது 1980-ல். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் ஷெர்ரி லான்சிங். இடையில் நாற்பது ஆண்டுகள்.

பால்கே விருது நடிப்புக்காகக் கிடைத்ததா, நிறுவனத்துக்காகவா?

அந்த விருது ஒரு படத்துக்கோ ஒரு வேடத்துக்கோ தரப்படுவது அல்ல. இந்திய சினிமாவுக்கு ஆற்றிய மொத்தப் பணிக்கானது. 1969-ஆம் ஆண்டுக்கான முதல் விருது அவருக்குப் போனது. அதற்கு முன்பே, 1958-ல் பத்மஸ்ரீ. படவுலகை விட்டுப் போனபின்னும் அதன் நலனில் அக்கறை குறையவில்லை. 1955-ல் சங்கீத நாடக அகாடமி தில்லியில் நடத்திய திரைப்படக் கருத்தரங்கைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர்தான், தொடங்கிவைத்தவர் நேரு.

பெங்களூர் எஸ்டேட் வழக்கு என்று ஏதோ படித்தேனே?

கனகபுரா சாலையில் உள்ள தாதகுணி எஸ்டேட்தான் அது. நானூறு ஏக்கருக்கும் மேல். ரோரிக் 1993-லும் தேவிகா ராணி 1994 மார்ச் 9 அன்றும் இறந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சொத்து யாருக்கு என்ற தகராறு எழுந்தது. 1996-ல் கர்நாடக அரசு தனிச் சட்டம் இயற்றி எஸ்டேட்டைக் கையகப்படுத்தியது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2011-ல் தீர்ப்பளித்தது. அவருடைய தொழிலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்தப் படத்தில் தொடங்குவது?

நடிகையைப் பார்க்க ‘அச்சுத் கன்யா’. குறைகளை மேலே சொல்லியிருக்கிறேன், அவற்றோடு பாருங்கள். தேவிகா ராணியும் அசோக் குமாரும் தங்கள் சொந்தக் குரலிலேயே பாடியிருப்பதைக் கவனியுங்கள். திரைக்குப் பின்னாலிருந்த வடிவமைப்பாளரைப் பார்க்க ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் புதுப்பித்த பிரதி கண்ணுக்கு விருந்து.

ஸ்டூடியோ தலைவரைப் பார்க்க வேண்டுமானால் ‘வசந்த்’, ‘ஹமாரி பாத்’, ‘ஜுவார் பாட்டா’ என்று வரிசையாகத் தேடுங்கள். மூன்று படங்களிலும் நடிகர் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். ‘வசந்த்’தில் மதுபாலா, ‘ஹமாரி பாத்’தில் சிறு வேடத்தில் ராஜ் கபூர், ‘ஜுவார் பாட்டா’வில் திலீப் குமார், மூவரும் அன்று யாருக்கும் தெரியாதவர்கள், மூவருக்கும் சம்பளம் கொடுத்தது மலாடில் இருந்த அதே அலுவலகம்.